மரத்தவளையும் கட்டை மீனும்
தூண்டில் இரையை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர். மதுராந்தகம் ஏரி, கொளவாய் ஏரி போன்ற பெரிய நீர்நிலைகளோடு, ஊர்தோறும் ஒரு சித்தேரியாவது தாங்கலாவது இருப்பதை நாம் காண்கிறோம். கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஈறாகவும் அதற்கு அப்பாலும் கடற்கரைக் குப்பங்கள் அமைந்துள்ளன. இடையே முட்டுக்காட்டுக் கழியும் பாலாற்று முகத்துவாரமும் உவர்நீர் மீன்களுக்கு உறைவிடமாக விளங்குகின்றன. ஆகவே, மீன் பிடித்தல் இங்கே கடலோர மக்களின் தொழில் மட்டுமன்று. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே உழவர் குடும்பங்களுக்கு உணவும் சிறிது வருவாயும் தருகின்ற துணைத்தொழிலும் ஆகும்.

வலையும் தூண்டிலும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் தூண்டிலுக்கு இடும் இரையைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. மண்புழு, இறால், சிறு மீன், தவளை ஆகியவற்றையே பெரும்பாலோர் உபயோகிக்கின்றனர். இவற்றுக்குப் பதிலாக, மரத்தில் செதுக்கிய பொய்யிரையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். கடைகளில் ‘லூர்’ என்ற பெயரில் விற்பனையாகும் பொருள் இதுவே. அதனைச் செய்யும் முறையையும், அதனால் விளையும் நன்மையையும், கைக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடுகளையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

தவளையைக் காப்பது வயலைக் காப்பதாகும்

ஏரி மீன்களில் மிகுந்த விலை பெறுவது விரால். செவுளால் மட்டுமின்றி, நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் உட்கொண்டு உயிர்வாழும் தன்மை அதற்கு உண்டு. ஆதலால் ஈரமாக வைத்திருந்தால் பல மணி நேரம் உயிருடன் இருக்கும். சந்தையில் உயிர்மீனாகவே விற்கலாம். இவ்விரால் தவளையைக் கண்டால் விடுவதில்லை. அதனால் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விராலுக்கு இடும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உள்ளது.

இங்கே உழவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. தவளை நெல் வயலின் காவலன். தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சி, தத்துப்பூச்சி, வெட்டுக்கிளி, புழு முதலியவற்றை அது இரவெல்லாம் தின்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் அளவில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. தவளைகள் குறைந்தால் பயிர்ப்பூச்சிகள் பெருகும், பூச்சிமருந்துச் செலவும் கூடும் என்ற கவலை அறிஞர்களிடையே எழுந்தது. 1987-ஆம் ஆண்டில் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. தடையின் கருத்து கிராமத்துக்கும் பொருந்தும். மழை தொடங்கியதும் வரப்போரம் கூடும் பெரிய தவளைகளே முட்டையிட்டு இனத்தைப் பெருக்குபவை. அவற்றையே தூண்டிலுக்குப் பிடித்தால் நட்டம் வயலுக்குத்தான்.

மரத்தவளை ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டால், இரை தேடி அலையும் நேரமும் மிச்சம், தவளையும் மிச்சம். ஒருமுறை செய்தது பல மாதங்களுக்கு உழைக்கும்.

பிற நாடுகளில் வளர்ந்த கதை

மரப் பொய்யிரைத் தொழிலைப் பெரும் ஆலைகள் தொடங்கி வைக்கவில்லை. எளிய மனிதர்கள் கத்தியும் கட்டையுமாகத் தொடங்கியதே அது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் என்பவர் தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர். அவர் 1890-களின் இறுதியில் மரத்தில் தவளை உருவங்களைச் செதுக்கி மீன் பிடித்தார். அதிலிருந்து வளர்ந்த தொழில் அவர் குடும்பத்துக்கு நிலைத்த பெயரைத் தந்தது.

பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ராப்பலா, ஏரியில் பெரிய மீன்கள் இரை தேடுவதைக் கூர்ந்து கவனித்தார். சிறு மீன் கூட்டத்துக்குள் பாயும் பெரிய மீன், நலமாக நீந்துவனவற்றை விட்டுவிட்டு, தள்ளாடி நீந்தும் காயம்பட்ட மீனையே பிடிப்பதைக் கண்டார். 1936-ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுக்குத் தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகத் தடவி, தள்ளாடி நீந்தும் ஒரு பொய்மீனைச் செய்தார். பிற்காலத்தில் உலகெங்கும் விற்பனையான பொருளுக்கு அதுவே வித்து.

ஜப்பானில் கணவாய் பிடிப்பதற்கென இறால் வடிவில் மரத்தைச் செதுக்கும் வழக்கம் சில நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. தாய்லாந்தில் விராலுக்காகவே சிறு மரத்தவளைகளைக் கையால் செய்கின்றனர். அவர்களுடைய விராலும் நம்முடைய விராலும் ஒரே இனம். எனவே அங்கே பயன்படும் முறை இங்கும் பயன்படத் தடையில்லை.

மீன் ஏன் ஏமாறுகிறது?

மீனுக்குக் கண் மட்டும் துணையன்று. உடலின் இருபுறமும் செவுளிலிருந்து வால் வரையில் ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பினால் நீரின் அதிர்வை அது உணர்கிறது. கலங்கிய நீரிலும் பாசி நடுவிலும் இரை எங்கே துடிக்கிறது என்பதை அந்த அதிர்வைக் கொண்டே அறியும். ஆகையால் பொய்யிரை பார்வைக்கு அழகாக இருப்பதைவிட, நீரில் சரியாக அசைவதே முக்கியம். வர்ணம் சற்று மங்கினாலும் மீன் கவ்வும். அசைவு பிழையாயின், எவ்வளவு அழகான கட்டையையும் திரும்பிப் பாராது.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

பொய்யிரைக்கு இலேசான, நேர்நாருள்ள, நன்கு உலர்ந்த மரம் வேண்டும். கல்யாண முருங்கை, இலவம் ஆகியவை மிக இலேசானவை. நீர்மேல் மிதக்கும் தவளைக்கு இவை ஏற்றவை. மலைவேம்பு நடுத்தரமானது, மீன் வடிவத்துக்கு நன்று. சென்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை சற்றுக் கனமானது; ஆயினும் வழவழப்பாகச் செதுக்கலாம். நம் கடலோரத்தில் மிகுதியாக விளையும் சவுக்கும், எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலும் கனமும் கடினமும் உடையவை. மிதக்கும் இரைக்கு அவை ஆகா. நெட்டி மிக இலேசானதாயினும் மீனின் கடியைத் தாங்காது.

மரத்தின் கனத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 3 செ.மீ. கனமுள்ள பட்டையான துண்டு ஒன்றை வாளி நீரில் மிதக்க விடுக. 1 செ.மீ. மட்டும் நீரில் மூழ்கினால், அம்மரம் நீரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ளது என்று பொருள். பாதி மூழ்கினால் பாதி எடை. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மூழ்கும் மரமே நமக்கு உகந்தது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. ஆதலால் வாளியில் மிதக்கும் கட்டை கடலில் இன்னும் சிறிது உயர்ந்து மிதக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

மரத்தை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை. தச்சுப் பட்டறையிற் கழியும் துண்டுகளே போதும். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட அரசினர் சிற்பக் கல்லூரியில் கற்சிற்பத்தோடு மரச்சிற்பமும் கற்பிக்கப்படுகிறது. அவ்வூரைச் சுற்றி உளி பிடிக்கத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. கட்டுமரம் கட்டிய தலைமுறையினரும் குப்பங்களில் இருக்கின்றனர். கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபின் வேலை குறைந்துபோன அவர்களுடைய மரவேலை அறிவு இத்தகைய சிறு கைத்தொழிலுக்குப் பெரிதும் உதவும்.

மரத்தவளை செய்யும் முறை

வேண்டிய கருவிகள்: சிறு வாள், கூரிய கத்தி அல்லது உளி, துறப்பணம், அரம், உப்புத்தாள், குறடு. வேண்டிய பொருள்கள்: மரத்துண்டு, 1 மி.மீ. எவர்சில்வர் கம்பி, இரட்டைத் தூண்டில் முள், பித்தளைத் திருகாணி, பழைய சைக்கிள் டியூப், வார்னிஷ், எனாமல் வர்ணம்.

முதலாவதாக, 6 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் 2½ செ.மீ. கனமும் உள்ள துண்டை வெட்டிக்கொள்க. மரத்தின் நார் நீளவாக்கில் ஓடவேண்டும். துண்டு சதுரமாக இருக்கும்போதே, முன்முகத்தின் நடுவிலிருந்து பின்முகத்தின் நடு வரையில் 2 மி.மீ. துளையிடுக. வடிவம் செதுக்கியபின் துளையிட முயன்றால் கோணலாகப் போகும்.

இரண்டாவதாக, தவளையின் மேல்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் அட்டையில் வெட்டி, மரத்தின்மீது வைத்து வரைந்துகொள்க. அதிகப்படியான பகுதியை வாளால் அறுத்து நீக்கியபின், கத்தியால் விளிம்புகளை உருட்டுக. பின்புறம் சற்று ஒடுங்கியும் வயிறு சற்றுத் தட்டையாகவும் இருத்தல் வேண்டும். முன்முகத்தை நேராக விடாமல் கிண்ணம்போல் 3 மி.மீ. ஆழத்துக்குக் குடைக. நரம்பை வெட்டி இழுக்கும்போது இக்குழிவு நீரைத் தள்ளி ‘குளுக்’ என்ற ஓசையை எழுப்பும். நீரில் குதிக்கும் தவளையின் ஓசை அதுவே. பின்னர் உப்புத்தாளால் நாரின் போக்கிலேயே தேய்த்து வழவழப்பாக்குக.

மூன்றாவதாக, எடை சேர்த்தல். மேற்கண்ட அளவில் செதுக்கிய உடல் ஏறக்குறைய 25 கன செ.மீ. இருக்கும். இலேசான மரமாயின் அதன் எடை சுமார் 9 கிராம். முள்ளும் கம்பியும் 3 கிராம், வயிற்றின் பின்பாதியில் திருகும் பித்தளைத் திருகாணி 4 கிராம் என்று கொண்டால், மொத்தம் 16 கிராம். 25 கன செ.மீ. நீரின் எடை 25 கிராம் ஆதலால், தவளை தாராளமாக மிதக்கும். எடை வயிற்றுப்புறம் இருப்பதால் குப்புறக் கவிழாது. பின்பாதியில் இருப்பதால் தலை சற்று உயர்ந்து, உண்மைத் தவளைபோல் அமரும்.

நான்காவதாக, நீர் புகாமற் காத்தல். மரம் நீரை உறிஞ்சினால் வெடிக்கும், எடையும் மாறும். ஆகவே ஆளிவிதை எண்ணெயிலோ நீர்த்த வார்னிஷிலோ தோய்த்து, துளையின் உட்புறமும் நனையுமாறு செய்து, நிழலில் நன்கு உலர்த்துக. பிறகு வர்ணம் பூசி, மேலே இரண்டு மூன்று முறை வார்னிஷ் தடவுக. ஒவ்வொரு பூச்சும் முழுவதும் உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூசவேண்டும். அவசரப்பட்டால் பூச்சு உரியும். முதுகுக்குப் பாசி நிறமும் வயிற்றுக்கு வெளிர்மஞ்சளும் போதுமானவை.

ஐந்தாவதாக, கம்பியைத் துளையில் செலுத்தி, முன்னும் பின்னும் வளையமாக மடக்கி இறுகச் சுற்றுக. மீனின் இழுப்பு முழுவதையும் கம்பியே தாங்கவேண்டும், மரம் தாங்கக்கூடாது. வெறும் ஆணியையோ வளையத் திருகையோ மரத்தில் செருகி முள்ளை மாட்டுபவர், பெரிய விரால் கடித்தவுடன் முள்ளையும் மீனையும் சேர்த்தே இழப்பர். பின்வளையத்தில் இரட்டை முள்ளை, அதன் கூர்கள் மேல்நோக்கி நிற்குமாறு மாட்டுக. வளையத்தையும் முள்ளின் காதையும் சேர்த்துச் சைக்கிள் வால்வுக் குழாய் ரப்பர் ஒன்றைப் போட்டுவிட்டால், முள் கீழே தொங்காது. கூர்கள் மேலே நிற்பதால் அல்லிக்கொடியிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்குவது குறையும். இறுதியாக, சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிய வார்களை நறுக்கிப் பின்கால்களாகக் கட்டுக.

கட்டை மீன்

கழிமுகத்துக் கொடுவாய்க்கும், கடலோரப் பாரைக்கும் சீலாவுக்கும் மீன் வடிவக் கட்டை ஏற்றது. 10 செ.மீ. நீளம், 2½ செ.மீ. உயரம், 1½ செ.மீ. கனம் உள்ள துண்டைக் கெண்டைபோல் செதுக்குக. வயிற்றுப்புறத்தில் தலை முதல் வால் வரையில் மெல்லிய வாளால் ஒரு பிளவு அறுத்து, கம்பியை மூக்கிலும் நடுவயிற்றிலும் வாலிலும் வளையங்கள் வெளித்தோன்றுமாறு வளைத்துப் பதிக்க வேண்டும். வயிற்றின் நடுவுக்குச் சற்று முன்னே எடையை வைத்து, பிளவை எபாக்சிப் பசையால் அடைத்துவிடுக.

இக்கட்டைக்கு உயிர் தருவது தாடையின்கீழ்ப் பொருத்தும் நாக்கு. மெல்லிய அலுமினியத் தகட்டிலோ அக்ரிலிக் தகட்டிலோ விரல்நகம் போல் அதனை வெட்டலாம். இழுக்கும்போது நீர் நாக்கில் மோதித் தலையைக் கீழே அழுத்துகிறது. இருபுறமும் மாறி மாறி வழிவதால் உடல் தள்ளாடுகிறது. நாக்கு உடலுக்குச் செங்குத்தாக நின்றால் கட்டை ஆழம் போகாமல் அகலமாக ஆடும். உடலின் போக்கிலேயே முன்னோக்கி நீண்டிருந்தால் ஆழமாக இறங்கும். முட்டுக்காடு போன்ற ஆழமற்ற கழிக்கு முந்தியது பொருந்தும். படகின் பின்னே இழுத்துச் செல்லப் பிந்தியது பொருந்தும்.

செய்து முடித்ததும் நீர்த்தொட்டியிலோ குளத்துப் படித்துறையிலோ இழுத்துப் பார்த்தல் அவசியம். கட்டை இடப்புறமாக ஓடினால் மூக்கு வளையத்தைக் குறடால் இம்மியளவு வலப்புறம் வளைக்க வேண்டும். வலப்புறமாக ஓடினால் இடப்புறம் வளைக்க வேண்டும். பக்கமாகச் சாய்ந்து புரண்டால் வயிற்றில் எடை போதவில்லை என்று அறிக. வஞ்சிரம், சீலா ஆகியவற்றின் பற்கள் தங்கூசி நரம்பை அறுத்துவிடும். அவற்றுக்கு இடுவதாயின், கட்டைக்கும் நரம்புக்கும் இடையே ஒரு சாண் எஃகுக் கம்பி சேர்க்க வேண்டும்.

கணவாய்க்கு இறால் வடிவக் கட்டையைத் துணியால் சுற்றி, வால்முனையில் மேல்நோக்கிய ஊசிமுட்களை வட்டமாகப் பொருத்துவர். எடையைத் தலைப்பக்கம் வைத்தால் அது தலைகீழாக மெல்ல மெல்ல இறங்கும். அவ்வாறு இறங்கும்போதே கணவாய் அதனைத் தழுவிக்கொள்ளும்.

பிடிக்கும் விதம்

விரால் தூண்டிலுக்கு விடியற்காலையும் அந்திப்பொழுதும் உகந்தவை. பாசித்திட்டுக்கு அப்பால் தவளையை வீசி, இரண்டு இழுப்பு இழுத்துச் சற்று நிறுத்துக. பெரும்பாலும் நிற்கும்போதே விரால் பாயும். பாய்ந்தவுடன் நரம்பைச் சுண்டினால் தவளை மட்டுமே திரும்பி வரும். நரம்பு இறுகி ஓடும்வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு வலிந்து இழுக்க வேண்டும்.

எச்சரிக்கைகள்

எடைக்கு ஈயத்தைப் பலரும் உருக்கி ஊற்றுகின்றனர். ஈயப் புகையும் தூளும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை. சமையலறையில் ஈயம் உருக்குவதும், ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நசுக்குவதும் அறவே கூடாது. பித்தளைத் திருகாணியும் இரும்பு மறையாணியும் அதே வேலையைச் செய்யும்.

அறுந்த நரம்பைக் கரையிலோ நீரிலோ விட்டுச் செல்லக்கூடாது. அது மக்காது, நீர்ப்பறவைகளின் காலைச் சுற்றி உயிரை வாங்கும். 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்ட வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இம்மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்கே கூடுகட்டும் பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளில்தான் இரை தேடுகின்றன. அவ்விரண்டும் சரணாலயங்கள் ஆதலால் அங்கே தூண்டில் இடுவது குற்றமாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளிக்கும்போது, அடியில் தாயும் தந்தையும் காவலிருக்கும். அக்கூட்டத்தின்மீது தவளையை வீசினால், இரை என்று கருதாவிடினும் பகை என்று கருதிப் பெற்றோர் பாய்ந்து கடிக்கும். மிக எளிதாகப் பிடிபடும். ஆனால் காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு நாள் குழம்புக்காக ஓராண்டு விளைவை அழிப்பதற்கு இது சமானம். தவளையைக் காக்க மரத்தவளை செய்துவிட்டு, அதைக் கொண்டே விரால் இனத்தை அழிப்போமாயின் நம் முயற்சிக்குப் பொருளில்லை.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

ஏரி, குளங்களின் மீன்பாசி உரிமை ஏலத்தில் விடப்படுகிறது. குத்தகைதாரரின் அனுமதியின்றித் தூண்டில் இடுவது சச்சரவுக்கு இடமளிக்கும். பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ள குளங்களை ஏலம் விடும்போதே, ஊர்மக்கள் கைத்தூண்டில் இடலாமா, எக்கரையில், எந்நாட்களில் என்பதை நிபந்தனைகளில் தெளிவாக எழுதிவிடுவது நலம். குஞ்சு காக்கும் பருவத்தில் விரால் பிடிக்கலாகாது, உயிர்த்தவளையை இரையாக இடலாகாது என்ற இரண்டு விதிகளையும் அத்துடன் சேர்க்கலாம். இதற்குப் பஞ்சாயத்துக்கு ஒரு பைசாவும் செலவில்லை.

கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடை உள்ளது. 2017-க்கு முன்னர் இது 45 நாட்களாக இருந்தது. நாட்டுப்படகுகள் இத்தடைக்கு உட்படாதவை. அக்காலத்தில் கரையோரத்தில் தூண்டிலிடும் சிறு மீனவருக்குக் கட்டை மீன் பயன்படும். முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் கொடுவாய்க் குஞ்சுகளைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்து வெற்றி கண்டனர். கொடுவா வளர்ப்பில் நாட்டமுள்ளவர்கள் அந்நிலையத்தை அணுகிப் பயன்பெறலாம்.

மகளிர் குழுக்களும் இளைஞர்களும் ஓய்வு நேரத்தில் இக்கைத்தொழிலைப் பழகலாம். பெருவருவாய் கிட்டும் என்று கூறுவதற்கில்லை. வலைத்தொழிலுக்கு இது ஈடாகவும் மாட்டாது. ஆயினும் கடையில் வாங்கும் பொருளைக் கழிவுக் கட்டையிலிருந்து தாமே செய்துகொள்வதும், நன்கு தேறியபின் அக்கம்பக்கத்து ஊரார்க்குச் செய்து கொடுப்பதும் எளிது. தச்சர் ஒருவரையும் அனுபவமுள்ள மீனவர் ஒருவரையும் ஒரு மாலை சமுதாயக்கூடத்துக்கு அழைத்து, பத்துப் பேர் உட்கார்ந்து பத்துத் தவளைகளைச் செய்து, மறுநாள் காலையில் ஏரியில் இட்டுப் பார்க்கலாம். எது மிதந்தது, எது கவிழ்ந்தது, எதை விரால் கவ்வியது என்று காண்பதே சிறந்த பாடம். வரும் மழைக்காலத்தில் வரப்போரத் தவளைகள் வயலிலேயே இருந்து தம் வேலையைச் செய்ய, அவற்றின் வேலையை ஏரியில் மரத்தவளைகள் செய்யட்டும்.